நாற்பத்தைந்து கமாவுக்கு ஒரு பக்கம்

மார்க்கிரட் தம்புவுக்கு உலகத்தில் பிடிக்காத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: செய்த வேலையை மறுபடி செய்வது. சாப்பிட்ட தட்டைக் கழுவுவதுகூட அவளுக்கு அநியாயமாகத்தான் பட்டது. நேற்றுத்தானே கழுவினோம் என்பாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து கோலாலம்பூருக்கு ரயில்வே வேலைக்கு வந்த குடும்பம். அப்பா தம்பு ஸ்டேஷனில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தார். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போய் வளர்ந்தவள் மார்க்கிரட். பதினெட்டு வயதில் ஒரு வக்கீல் ஆபிசில் தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடம் எழுந்திருக்கவில்லை. கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், லீவு கிடைக்கவில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் தட்டப் போய்விடுவாள்.

அந்தக் காலத்து ஆபிஸ் கடிதங்களின் அடியில், இடது மூலையில், ஒரு சின்ன வரி இருக்கும். கடிதத்தைச் சொன்னவரின் பெயரெழுத்துகள் பெரிதாக, பிறகு ஒரு சாய்ந்த கோடு, அதற்கப்புறம் தட்டியவரின் எழுத்துகள் பொடியாக. மார்க்கிரட்டுக்கு எம், டி. கோலாலம்பூரில் பாதிப் பேருடைய வீட்டுப் பத்திரமும் விவாகரத்தும் உயிலும் அந்தப் பொடி எம்டியின் கை வழியாகப் போனவைதான். அவள் தட்டினால் திருத்தம் இருக்காது என்பது ஊரறிந்த பேச்சு. ஆனால் ஊர் அறிந்தது பேச்சை மட்டும்தான். அவளுடைய முழுப் பெயர் எந்தக் காகிதத்திலும் வந்ததில்லை, அவளும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட்டதில்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள்.

எண்பத்து மூன்றில் வக்கீல் ஆபிசை விட்டு, ஜாலான் துன் சம்பந்தனில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் சொந்தமாகத் தட்டச்சுக் கடை போட்டாள். எண்பத்தொன்பதில் கம்ப்யூட்டர் வாங்கினாள். ஐம்பது வயதை எட்டுகிற பெண்மணி கம்ப்யூட்டரைப் பார்த்து மிரளுவாள் என்று எதிர்பார்த்த கடைக்காரப் பையன்தான் மிரண்டு போனான். ஒரு வாரத்தில் கையேட்டை முழுக்கப் படித்துவிட்டு, அதிலிருந்த நான்கு தவறுகளை அவனுக்குக் கடிதமாகத் தட்டி அனுப்பினாள்.

அவளை ஒரேயடியாகக் கவிழ்த்தது மேக்ரோ என்ற சமாச்சாரம்தான். ஒரு விசையைத் தட்டி, 'இனி நான் செய்வதைக் கவனித்துக்கொள்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு ஒரு வேலையை ஒரு தடவை செய்து காட்டினால் போதும். அப்புறம் அது நூறு தடவை தானாகச் செய்யும். முதல் நாள் அதைப் பார்த்தபோது மார்க்கிரட்டுக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பது வருடம் தாமதமாக வந்திருக்கிறாய் என்று திரையைப் பார்த்துக் கோபித்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம் வந்தது. மேக்ரோ ஓடும்போது திரையைப் பார்ப்பதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, சன்னல் வழியாகக் கீழே பூ கட்டுகிறவர்களை வேடிக்கை பார்ப்பாள். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அதற்கு எதற்கு மெஷின்?

இந்தப் பழக்கம்தான் தொண்ணூற்றொன்றில் வினையாக முடிந்தது.

அந்த வருடம் ஒரு வெள்ளிக்கிழமை பழனியப்பன் மாடிப்படி ஏறி வந்தார். கிள்ளானில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அங்கே ஒரு முருகன் கோயிலுக்குச் செயலாளர். எட்டு வருடமாகக் கோயில் கடிதங்களையெல்லாம் மார்க்கிரட்டிடம்தான் கொண்டுவருவார். குரல் பெரிது, மனசு அதைவிடப் பெரிது, கையெழுத்து மட்டும் படிக்க முடியாது. அன்றைக்கு அவர் கையில் ஒரு டிஸ்க் இருந்தது.

"மிஸ், கும்பாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சுது. திங்கக்கிழமை மண்டலாபிஷேகம் ஆரம்பம். நாப்பத்தெட்டு நாள். தினம் சாயங்காலம் ஐயரு கொஞ்சம் பேரு வாசிச்சு அர்ச்சனை பண்ணுவாரு. பதிஞ்சவங்க லிஸ்ட் இதுல இருக்கு. நாப்பத்தெட்டு தாளா பிரிச்சுத் தரணும். சமமா இருக்கணும், அதுதான் முக்கியம்."

"என்ன அண்ணே, சமத்துல அவ்வளவு அக்கறை?"

பழனியப்பன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கதையைச் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய கும்பாபிஷேகத்தில் முதல் நாள் நூறு பேர், கடைசி நாள் ஏழு பேர். நூறு பேரை வாசித்த அன்று குருக்கள் பாதியை முழுங்கிவிட்டார். முழுங்கப்பட்டவர்கள் சும்மா இருப்பார்களா? கைகலப்பு வரைக்கும் போய், அன்றைய செயலாளர் தன் பொறுப்பிலிருந்த கோயில் நோட்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டுப் பதவியை விட்டு வெளியேறினார். அதனால் இந்தத் தடவை கமிட்டித் தலைவர் வேலாயுதம், பட்டியலைக் கையாலேயே எழுதிப் பிரிக்கலாம், கம்ப்யூட்டர் எல்லாம் எதற்கு என்று அடம்பிடித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் அவர். பழனியப்பனோ நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு நாள் பிசகினாலும் நோட்டைக் கொடுத்துவிடுகிறேன் என்று கூட்டத்தில் சொல்லிவிட்டார்.

"உங்களை நம்பித்தான் சொன்னேன் மிஸ்."

"எத்தனை பேர்?"

"ஆயிரத்து எண்பது பதிவு. நூத்தெட்டை பத்தால பெருக்குனா வருதுல்ல? அப்படி அமையணும்னு ஓடி ஓடிச் சேர்த்தேன்."

டிஸ்க்கைப் போட்டுத் திறந்தாள். திரை முழுக்க ஒரே பத்தி. அடுத்த திரையும் அதே பத்தி. பக்கம் பக்கமாக ஓடியது, எங்கேயும் ஒரு வரி முறியவில்லை. ஆங்கில எழுத்தில் பெயர், கமா, பெயர், கமா, பெயர்.

"என்ன அண்ணே இது? என்டரே தட்டலையா?"

"என்டர் தட்டினா பேப்பர் வீணாகுமே மிஸ். கம்பெனி கம்ப்யூட்டர் லா, லஞ்ச் டைம்ல அடிச்சேன்."

மார்க்கிரட் அவரைக் கீழே டீ குடிக்க அனுப்பிவிட்டு, பத்து நிமிடத்தில் வரச் சொன்னாள். பத்து நிமிடம் என்று சொன்னதில் கொஞ்சம் மிதப்பு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

முதலில் கமாக்களை எண்ணச் சொன்னாள். கம்ப்யூட்டர் இரண்டாயிரத்து நூற்று ஐம்பத்தொன்பது என்றது. கடைசிப் பெயருக்குப் பின்னால் கமா இருக்காது, ஆகவே இரண்டாயிரத்து நூற்று அறுபது துண்டுகள். ஆயிரத்து எண்பதுக்குச் சரியாக இரண்டு மடங்கு. ஒவ்வொரு பதிவுக்கும் புருஷன் ஒன்று, பெண்டாட்டி ஒன்று என்று எடுத்துக்கொண்டாள். இரண்டாயிரத்து நூற்று அறுபதை நாற்பத்தெட்டால் வகுத்தால் நாற்பத்தைந்து. மிச்சமே இல்லை. மிச்சமில்லாத வகுத்தலைக் கண்டால் அவளுக்கு நல்ல மீன் குழம்பைக் கண்ட மாதிரி. நாற்பத்தைந்து என்பது ஒற்றைப்படை எண்ணாயிற்றே, புருஷனை இன்றைக்கும் பெண்டாட்டியை நாளைக்கும் வைத்தால் வீட்டில் என்ன ஆகும் என்றெல்லாம் யோசிக்க அவளுக்கு அனுபவம் போதாது.

மேக்ரோவுக்குச் சொல்லிக் கொடுத்தாள். நாற்பத்தைந்து கமா தள்ளிப் போ, அங்கே பக்கத்தை முறி, புதுப் பக்கத்தின் தலையில் அடுத்த நாளின் எண்ணைப் போடு. ஒரு தடவை செய்து காட்டிவிட்டு, மீதியை நீயே பார்த்துக்கொள் என்று விசையைத் தட்டினாள். கண்ணாடியைக் கழற்றினாள். கீழே மல்லிகைச் சரம் சுற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் திரும்பியபோது நாற்பத்தெட்டு பக்கங்கள் தயாராக இருந்தன. பிரிண்டர் கிரீச் கிரீச் என்று கத்தி முடித்ததும் பழனியப்பன் தாள்களை வாங்கி ஒவ்வொன்றையும் உயர்த்திப் பார்த்தார். எல்லாமே ஒரே உயரத்துக்கு நின்றன. சந்தோஷத்தில் தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார்.

புதன்கிழமை காலை எட்டரைக்கு போன் அடித்தது.

"மிஸ், நேத்து கோயில்ல ஒரே கலாட்டா." பழனியப்பனின் குரல் பாதியாகச் சுருங்கியிருந்தது. "முதல் நாள் சரியா போச்சு. ரெண்டாவது நாள் முதல் பேரே தகராறு. சந்திரகலான்னு ஒரு பொண்ணு, கல்யாணமாகி மூணு மாசம்தான் ஆகுது. மாமியார் இராஜம்மா பக்கத்துலயே நிக்கிறாங்க. ஐயரு மைக்ல ஆயில்யம்னு வாசிச்சுட்டாரு."

"சரி. அதுக்கென்ன?"

"அதுக்கென்னவா? ஆயில்யம் மாமியாருக்கு ஆகாதும்பாங்க மிஸ். ஜாதகத்துல ரோகிணின்னு குடுத்துட்டு ஏமாத்திட்டாங்கன்னு இராஜம்மா அங்கேயே உக்காந்துட்டாங்க. பொண்ணு அழுவுது. அதுக்குள்ள மத்தவங்களும் ஆரம்பிச்சுட்டாங்க. இவரு பூசத்துல பிறந்தவரு, அவருக்கு ரோகிணிங்கிறாரு ஐயரு. ஒருத்தருக்குக்கூட சரியில்ல."

மார்க்கிரட் இரண்டாம் நாள் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். முதல் சொல்லாக ஆயில்யம் என்று இருந்தது. அதற்கடுத்து சந்திரகலா.

"அண்ணே, இந்த ஆயில்யம் யாரு? வயசான அம்மாவா?"

"ஆளில்ல மிஸ்," என்றார் பழனியப்பன் மெதுவாக. "நட்சத்திரம். ஆளு பேரு ஒண்ணு, அவரோட நட்சத்திரம் ஒண்ணு. அப்படித்தானே அடிச்சிருக்கேன்."

மார்க்கிரட்டுக்குத் தெரிந்தது கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஒன்றுதான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. துண்டுகளை ஆட்கள் என்று நினைத்து எண்ணியிருக்கிறாள். நாற்பத்தைந்து துண்டு என்றால் இருபத்திரண்டரை ஆள். முதல் நாள் தாளின் கடைசியில் கன்னையா என்று ஒருவர், இருபத்து மூன்றாவது ஆள், நட்சத்திரம் இல்லாமல் நிற்கிறார். அவருடைய ஆயில்யம் பக்கம் முறிந்து இரண்டாம் நாளுக்குப் போய்விட்டது. அர்ச்சனையில் நட்சத்திரத்தை முதலில் சொல்லி, ஆளை அப்புறம் சொல்வதுதான் குருக்களின் வாய்ப்பழக்கம். தாள் நட்சத்திரத்தில் ஆரம்பித்ததும் வாய் அதன் போக்கில் போய்விட்டது. கன்னையாவின் ஆயில்யம் சந்திரகலா தலையில், சந்திரகலாவின் ரோகிணி அடுத்தவர் தலையில் என்று இருபத்திரண்டு பேருக்கும் முந்தியவரின் நட்சத்திரம். நாற்பத்தெட்டு தாளில் சரிபாதி இப்படித்தான் இருக்கும்.

"கன்னையா ஒண்ணும் கேக்கலையா?"

"அவரு லோரி டிரைவர் மிஸ். பேரு வாசிச்சதும் பிரசாதத்தை வாங்கிட்டுப் போயிட்டாரு." பழனியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சாயங்காலம் அஞ்சு மணிக்கு கமிட்டி கூடுது. வேலாயுதம் சார் நோட்டைக் கேட்டிருக்காரு. நான் குடுத்துடறேன். நான்தான் தப்பா அடிச்சேன்னு சொல்லிக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க, உங்க பேரு வெளிய வராது."

மார்க்கிரட்டுக்குக் கோபம் வந்தால் மட்டும் யாழ்ப்பாணம் எட்டிப் பார்க்கும்.

"என்ன விசர்க் கதை இது? என்ட பேர் எப்பதான் வெளிய வந்திச்சு?" என்று கேட்டுவிட்டு போனை வைத்தாள். முப்பத்து மூன்று வருடத்தில் முதல் திருத்தம். அதிலும் தன் பிழைக்காக வேறொருவர் பதவி போகப் போகிறது என்பதை அவளால் தாங்க முடியவில்லை.

கடைக்கதவைச் சாத்திவிட்டு வேலையை ஆரம்பித்தாள். இரண்டாவது கமா வரும்போதெல்லாம் அதை எடுத்துவிட்டு என்டர் போடு என்று புது மேக்ரோவுக்குச் சொன்னாள். ஆளுக்கு ஒரு வரி, பெயருக்குப் பக்கத்தில் அவரவர் நட்சத்திரம். இந்தத் தடவை சன்னல் பக்கம் திரும்பவில்லை. மர அளவுகோலைத் திரையில் வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறக்கினாள். அளவுகோலுக்கு மேலே ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். பவுனம்மாள், உத்திரம். தம்புசாமி, சதயம். ஒரே குடும்பம் போல, ஒரே இன்ஷியலோடு ஏழு பேர், ஏழு நட்சத்திரம். நேற்றுவரை கமாக்களாக இருந்தவர்களுக்கு இப்போது முகம் வந்துகொண்டிருந்தது.

கணக்கைத் தாளில் போட்டாள். ஆயிரத்து எண்பது ஆட்களை நாற்பத்தெட்டால் வகுத்தால் இருபத்திரண்டரை. பழனியப்பன் ஓடி ஓடிச் சேர்த்த புண்ணிய எண், சமமாகப் பிரியவே பிரியாத எண். யார் பிரித்திருந்தாலும் அரை ஆள் உதைத்திருக்கும். சரி, நடந்தது நடந்துவிட்டது, இப்போது என்ன செய்யலாம்? அர்ச்சனை கெட்டுப்போனவர்கள் இரண்டாம் நாளின் இருபத்திரண்டு பேரும் கன்னையாவும். மொத்தம் இருபத்து மூன்று. அவர்களை இன்றைக்கு மூன்றாம் நாளாக மறுபடி வாசித்துவிட்டால், மிச்சம் நாற்பத்தைந்து நாள். மிச்சம் ஆட்கள் ஆயிரத்து முப்பத்தைந்து. வகுத்துப் பார்த்தவள் பென்சிலைக் கீழே போட்டாள். மறுபடி எடுத்து இன்னொரு தடவை வகுத்தாள். மார்க்கிரட் ஒரே வேலையை இரண்டு தடவை செய்தது அன்றைக்குத்தான். இரண்டு தடவையும் இருபத்து மூன்றே வந்தது, மிச்சமில்லாமல்.

அதற்கப்புறம் மீதிப் பெயர்களையும் அளவுகோல் வைத்துப் பார்த்துக்கொண்டே போனாள். மத்தியானம் ஒரு மணிக்குக் கடைசி வரிக்கு வந்தாள். ஆயிரத்து எண்பதாவது ஆள். அளவுகோலுக்கு மேலே மார்க்கிரட் தம்பு, விசாகம் என்று இருந்தது.

அவள் நகரவில்லை. கிள்ளானில் இன்னொரு மார்க்கிரட் தம்பு இருக்க முடியுமா என்று யோசித்தாள். முருகன் கோயிலில் பதிந்துகொள்கிற மார்க்கிரட் தம்பு எத்தனை பேர் இருப்பார்கள்? நாற்பத்தெட்டு பக்கத்தையும் தன் கையால் பிரித்து, அச்சடித்து, அடுக்கிக் கொடுத்தபோது தன் பெயரும் அதில் இரண்டு துண்டாகப் போயிருக்கிறது. பார்க்கவே இல்லை.

விரல் அழிக்கிற விசைக்குப் போனது. சர்ச்சில் யாராவது கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள்? ஆனால் எடுத்துவிட்டால் ஆயிரத்து முப்பத்து நான்கு. கடைசி நாள் இருபத்திரண்டு பேர்தான் இருப்பார்கள், சமம் போய்விடும். கணக்குக்காகத்தான் விட்டுவைக்கிறேன் என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டாள். அறையில் வேறு யாரும் இல்லை.

மூன்று மணி பஸ் பெடரல் ஹைவேயில் நெரிசலில் மாட்டிக்கொண்டது. அவள் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றும்போது ஐந்தே கால். பக்கத்து மண்டபத்தில் கமிட்டி உட்கார்ந்திருந்தது. சுவர் ஓரமாக இராஜம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள், இரண்டு தூண் தள்ளி அழுத கண்ணோடு மருமகள். மேசைமேல் கோயில் நோட்டு இருந்தது. பழனியப்பன் அதன்மேல் கையை வைத்திருந்தார், இன்னும் தள்ளிக் கொடுக்கவில்லை.

"எழுதினது நான், தப்பு என்னோடது," என்று பழனியப்பன் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அவரோடது இல்ல," என்றாள் மார்க்கிரட் வாசலிலிருந்தே. "என்னோடது. பிரிக்பீல்ட்ஸ்ல தட்டச்சுக் கடை வச்சிருக்கேன். அண்ணன் சரியாத்தான் அடிச்சிருக்காரு. நட்சத்திரத்தையும் ஆளுன்னு நினைச்சு எண்ணிப் பிரிச்சது நான். அதுல இருபத்து மூணு பேருக்குத் தப்பாப் போச்சு."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நேராக இராஜம்மாவிடம் போய்ப் பழைய பட்டியலையும் புதிய தாளையும் அடுத்தடுத்துக் காட்டினாள்.

"பாருங்கக்கா. சந்திரகலா, பக்கத்துல ரோகிணி. உங்ககிட்ட குடுத்த ஜாதகம் சரிதான். ஆயில்யம் இவருது, கன்னையான்னு ஒரு லோரிக்காரர்."

இராஜம்மாவுக்கு ஆங்கில எழுத்து தெரியாது. தாளை வாங்கி மருமகளிடம் நீட்டினாள். "படி," என்றாள். சந்திரகலா படித்தாள். ரோகிணி என்று சொல்லும்போது குரல் கொஞ்சம் உடைந்தது. இராஜம்மா அந்தக் கன்னையாவுக்கு மாமியார் இருக்கிறாளா என்று விசாரித்தாள். காலமாகிவிட்டாள் என்று யாரோ சொன்னதும், பார்த்தீர்களா என்பது போல எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு மருமகள் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

வேலாயுதம் அவ்வளவு சுலபத்தில் மடங்குகிற ஆளில்லை. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"அதெல்லாம் சரிம்மா. கெட்டுப்போன இருபத்து மூணு பேருக்கு மறுபடி வாசிக்கணும். அவங்களை எங்க நுழைச்சாலும் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். சமம்னுதானே செயலாளர் வாக்கு குடுத்தாரு?"

"இன்னைக்கு அந்த இருபத்து மூணு பேரு மட்டும் சார். நாளையிலேருந்து நாப்பத்தஞ்சு நாள். மிச்சம் ஆயிரத்து முப்பத்தஞ்சு பேரு. நீங்களே வகுத்துப் பாருங்க."

வேலாயுதம் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, நோட்டை இழுத்துத் திறந்து பின்னட்டையில் வகுத்தார். வாத்தியார்கள் வகுக்கிறபடி உதட்டை அசைத்து வகுத்தார்.

"இருபத்து மூணு," என்றார்.

"மிச்சம்?"

"மிச்சம் இல்ல." அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனமே இல்லை.

"நீங்க கையால பிரிச்சிருந்தா ஆயிரத்து எண்பதுக்கு இருபத்திரண்டரை வந்திருக்கும் சார். அந்த அரை ஆளை எங்க நிறுத்தியிருப்பீங்க?"

யாரோ சிரித்துவிட்டார்கள். வேலாயுதம் தன் கணக்கை இன்னொரு தடவை பார்த்தார், எத்தனையோ வருடம் பிள்ளைகளுக்குப் போட்டது போலக் கணக்குக்குப் பக்கத்தில் ஒரு சரி போட்டார். நோட்டை மூடிப் பழனியப்பன் பக்கமாகத் தள்ளினார். பழனியப்பன் மறுபடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் குருக்கள் இருபத்து மூன்று பேரையும் ஒருவர் விடாமல், தெளிவாக வாசித்தார். கன்னையா வரவில்லை. போர்ட்டுக்கு லோடு ஏற்றப் போயிருந்தாராம்.

பஸ் நிற்கும் இடம்வரை பழனியப்பன் கூடவே நடந்து வந்தார். பஸ் வருவதற்குள் கேட்டுவிட வேண்டும் என்று மார்க்கிரட்டுக்குப் பட்டது.

"கடைசி வரியைப் பாத்தேன் அண்ணே."

பழனியப்பன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆயிரத்து எழுபத்தொம்பதுல நின்னுருச்சு மிஸ். ஒரு ஆள் குறைஞ்சுது."

"அப்ப எண்ணிக்கைக்கு நானா?"

"இல்ல மிஸ். எண்ணிக்கைக்குன்னா என் கொழுந்தியா இருக்கு, கம்பெனியில பத்து பேரு இருக்காங்க." பெரிய குரல்காரர் சின்னக் குரலில் பேசினார். "எட்டு வருஷமா எங்க கோயில் கடுதாசி எல்லாம் நீங்க தட்டினது. கீழ ரெண்டு எழுத்து பொடியா இருக்கும். ஒரு நாளாச்சும் உங்க பேரைச் சத்தமா யாராவது சொல்லட்டுமேன்னு நினைச்சேன். கேட்டா வேணாம்பீங்க. அதான் கேக்கல. நட்சத்திரம் தெரியாதவங்களுக்கு முருகனோட விசாகத்தைப் போடுறது வழக்கம். அதைப் போட்டேன். உங்க சாமிக்குப் பிடிக்காதுன்னா எடுத்துடுங்க."

"எடுத்தா கணக்கு இடிக்கும்," என்றாள் மார்க்கிரட். பஸ் வந்தது. ஏறி சன்னலோரம் உட்கார்ந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தாள், பிரிக்பீல்ட்ஸ் வரும்வரை துடைத்தாள்.

நாற்பத்தெட்டாம் நாள் சாயங்காலம் கடையை நான்கு மணிக்கே சாத்தினாள். கீழே பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கி, தலையில் வைப்பதா, கையில் கொண்டுபோவதா என்று தெரியாமல் கைப்பையில் போட்டுக்கொண்டாள். கோயிலில் கூட்டம் அதிகம். தூண் ஓரமாக நின்றாள். பக்கத்தில் இராஜம்மாவும் சந்திரகலாவும் வந்து நின்றார்கள். மாமியார் கையில் இருந்த தேங்காய்த் தட்டை மருமகளும் ஒரு பக்கம் பிடித்திருந்தாள்.

குருக்கள் வாசிக்கத் தொடங்கினார். மார்க்கிரட் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். ஆள் ஆளாக எண்ணினாள். பதினெட்டு. பத்தொன்பது. யாரோ ஒரு அம்மா தன் பெயர் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். இருபத்தொன்று. இருபத்திரண்டு.

"விசாக நட்சத்திரே, மார்க்கிரட் நாமதேயஸ்ய..."

ஒலிபெருக்கியில் அந்தப் பெயர் மண்டபம் முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. கும்பிட வேண்டும் என்று கை எழுந்தது. பாதி வழியில் சர்ச்சில் பழகியபடி விரல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. அப்படியே வைத்துக்கொண்டாள்.

இராஜம்மா எட்டி எட்டிச் சுற்றும் முற்றும் பார்த்தாள். "மார்க்கிரட்டா? யாரு அது?"

"நான்தான்கா," என்றாள் மார்க்கிரட், கொஞ்சம் சத்தமாகவே.